முன்பல் அவர்களுக்கு, கடைவாய்ப் பல் நமக்கு

சென்ற ஆண்டு தை மாதம், ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை முடிந்து, கேப் போட அளவு எடுக்க வேண்டிய நாள். பக்கத்து நாற்காலியில் இருபத்து மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவளுடன் அம்மா, அத்தை, அது போதாதென்று வீடியோ அழைப்பில் ஓர் அண்ணி. மாசிக் கடைசியில் கல்யாணம். மேல்வரிசை முன்பற்களில் இரண்டு லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, “போட்டோல பல்லு மட்டும் கொஞ்சம்...” என்று இழுத்தார்களாம். கிளிப் போட்டால் ஒன்றரை வருடம் ஆகும். கேப் போட்டால் பத்தே நாள். ஆறு பல்லுக்குச் சேர்த்துப் போட்டால் விலையில் சலுகை உண்டு என்று வரவேற்பறைப் பெண் சொன்னாள். அத்தை கணக்குப் போட்டார். “நகையில அரைப் பவுன குறைச்சுக்கிட்டா முடிஞ்சுது.”

பல் வலிக்கிறதா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. வலிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பல்லிலும் சொத்தை இல்லை.

அப்புறம் என் முறை வந்தது. மருத்துவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுபவர். “மேடம், இது பின்னாடி பல்லுதானே, யாருக்குத் தெரியப் போகுது? மெட்டலே போட்டுக்கலாம். இல்ல செராமிக்தான் வேணும்னா, சாரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்க” என்றார். சார் என்பது என் கணவர். அவருக்கு என் வாயில் எத்தனை பல் இருக்கிறதென்று தெரியாது. சிகிச்சைக்குப் பணம் கட்டப்போவது என் சம்பளக் கணக்கிலிருந்து. ஆனாலும் சாரைக் கேட்க வேண்டும்.

யாருக்குத் தெரியப் போகுது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்தக் கேள்வியையே மென்றுகொண்டு வந்தேன். வலிக்காத ஆறு பற்கள் எல்லோருக்கும் தெரிவதால் அவற்றுக்கு அரைப் பவுன் உண்டு. எட்டு மாதமாகச் சோற்றை ஒரே பக்கம் ஒதுக்கி மெல்ல வைத்த பல் யாருக்கும் தெரியாது என்பதால் அதற்கு ‘மெட்டலே போதும்’. பெண்ணின் வாயில் இருப்பவை ஒரே பற்கள் அல்ல. முன்பல் பார்ப்பவர்களுக்குச் சொந்தம். கடைவாய்ப் பல் மட்டுமே அவளுக்குச் சொந்தம், ஆகவே அதற்கு மதிப்பில்லை.

‘பொம்பள சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்று சொல்லி வளர்த்த ஊர் இது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிய பாட்டிகளின் பேத்திகள் நாம். பல்லைக் காட்டாதே, இளிக்காதே, ஆம்பளைங்க இருக்கிற இடத்தில் என்ன கெக்கெக்கே என்று அடக்கிவைத்த அதே வீடுகள் இன்று ‘ஸ்மைல் டிசைன்’ செய்துகொள்ள மகளை அழைத்துப் போகின்றன. இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அன்றைக்குச் சிரிக்காதே என்று சொன்னவரும், இன்றைக்கு இப்படிச் சிரி என்று சொல்பவரும் ஒரே ஆள்தான். இரண்டு காலத்திலும் சிரிப்பு அவளுடையதாக இல்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. ஜப்பானில் பல நூற்றாண்டுகள் மணமான பெண்கள் பற்களைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். ஒஹகுரோ என்று அதற்குப் பெயர். புளிக்கவைத்த இரும்புக் கரைசலையும் துவர்ப்புப் பொடியையும் மாற்றி மாற்றிப் பூசுவார்கள். கறுப்புப் பல்தான் அழகு, வெள்ளைப் பல் பார்க்கச் சகிக்காது என்பது அன்றைய ரசனை. 1870இல் அரசு உயர்குடியினருக்கு அதைத் தடை செய்தது. 1873இல் பேரரசி வெள்ளைப் பற்களோடு பொதுவெளியில் தோன்றினார். அதோடு நாட்டின் ரசனையே திரும்பிவிட்டது. ஹாலிவுட்டில் 1930களில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர், படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய மெல்லிய பல் மூடிகளை நடிகர்களுக்காகச் செய்தார். அவற்றை அணிந்தவர்களில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளும் ஒருவர். அந்தச் சிறுமிக்குப் பால்பல் விழுந்த இடைவெளி கேமராவில் தெரியக் கூடாதாம். பால்பல் விழக்கூட அனுமதி இல்லாத ஒரு குழந்தையின் சிரிப்பைத்தான் உலகம் கொண்டாடியது.

இனி, அந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் வாய்க்குள் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ‘கேப்’ என்ற சொல்லே ஏமாற்றுகிறது. தொப்பி போடுவதற்காக யாரும் தலையைச் செதுக்குவதில்லை. பல்லுக்குக் கேப் போட வேண்டுமென்றால் முதலில் பல்லைச் சுற்றிலும் செதுக்கி ஒரு சிறு முளையாக்க வேண்டும். அந்த முளையின் மேல்தான் செராமிக் உறை உட்காரும். ஒரு பல்லின் ஈறுக்கு மேலே தெரியும் பகுதியில், முழு உறைக்காக எவ்வளவு போகிறது என்று எடை போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. 63 முதல் 72 விழுக்காடு. அதாவது பல்லில் பாதிக்கு மேல். முன்புறம் மட்டும் ஒட்டும் மெல்லிய வெனீருக்கு 3 முதல் 30 விழுக்காடு வரை போகும். பல்லின் மேல் இருக்கும் எனாமலை உண்டாக்கிய செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே மடிந்துவிடுகின்றன. செதுக்கிய எனாமல் இந்தப் பிறவியில் திரும்ப வராது. முடியை வெட்டினால் வளரும். எலும்பு உடைந்தால்கூடச் சேரும். எனாமலுக்கு அந்த வழி இல்லை.

கேப்பின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டு. கவனமாகப் பார்த்துக்கொண்டால் கூடுதலாகவும் வரும். இருபத்து மூன்று வயதில் போட்டால் முப்பத்தைந்து வாக்கில் ஒருமுறை, ஐம்பதுக்கு முன் இன்னொரு முறை, அறுபதில் மற்றொரு முறை மாற்ற வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் பழையதை அறுத்தெடுத்து, மிச்சமிருக்கும் பல்லைச் சீராக்கித்தான் புதியதைப் பொருத்துவார்கள். இடையில் சில பற்களின் உள்ளே நரம்பு செத்துப்போய் வேர் சிகிச்சை தேவைப்படும். கையில் கொடுக்கிற ‘பதினைந்து வருட வாரண்டி’ அட்டையைத் திருப்பிப் படியுங்கள். உடைந்தால் செராமிக்கை மாற்றிக் கொடுப்பதாக இருக்கும். உள்ளே இருக்கும் உங்கள் பல்லுக்கு யாரும் வாரண்டி கொடுப்பதில்லை.

முதல் முறைக்கு அப்பா அரைப் பவுனைக் குறைத்துப் பணம் தருகிறார். இரண்டாவது முறைக்கு யார் தருவார்கள்? முப்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும்போது, ‘கல்யாணத்துக்குப் போட்ட பல்லு ஆடுது’ என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே.

பிரிட்டனில் இதே கூத்து வேறு மாதிரி நடக்கிறது. விலை மலிவென்று துருக்கிக்குப் பறந்து, நல்ல பற்களையெல்லாம் சுறாமீன் பல்போல் முளையாகச் செதுக்கிக்கொண்டு திரும்பும் இளைஞர்களுக்கு ‘துருக்கிப் பல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். வெனீர் என்று நினைத்துப் போய் முழு உறையோடு திரும்பியவர்கள் பலர். அங்கே அதைச் செய்ய வைப்பது இன்ஸ்டாகிராம். இங்கே இன்ஸ்டாகிராமோடு மாமியாரும் சேர்ந்துகொள்கிறார்.

கேப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் உள்ளே குடையப்பட்டு, சுவர் மெலிந்து நிற்கிறது. மெல்லும்போது முழு பாரமும் அதன் மேல்தான் விழும். உறை இல்லையென்றால் ஒருநாள் கல் கிடந்த அரிசிச் சோற்றில் இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்தால் பிடுங்குவதுதான். அங்கே கேப் பல்லைக் காப்பாற்றுகிறது. அதுவே நல்ல பல்லில் போட்டால் பல்லை அழிக்கிறது. எந்தப் பல், எதற்காக, யாருக்காக என்பதுதான் கேள்வி.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகர் பக்கத்துக் கிராமம். அறுபத்து மூன்று வயது. கடைவாய்ப் பற்களில் ஐந்து இல்லை. “உங்க மூணு பேருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும் என்று ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. கரு பல்லிலிருந்து எதையும் எடுப்பதில்லை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கிப் பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். ஓயாத வாந்தியின் அமிலம் எனாமலை அரிக்கும். வந்த சொத்தையை, கர்ப்பிணி பல் டாக்டரிடம் போகக் கூடாது என்று தள்ளிப்போடுவார்கள். உண்மையில் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பெரும்பாலான பல் சிகிச்சைகளைத் தயக்கமில்லாமல் செய்யலாம். அம்மாவின் மூன்று பற்களைத் தின்றது நாங்கள் அல்ல. யாரும் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகாததுதான் தின்றது. ஆனால் பழியைப் பிள்ளைகள் மேல் பாசமாக ஏற்றிவிட்டால், அது தியாகமாகிவிடுகிறது. தியாகத்துக்கு யாரும் பில் கேட்பதில்லை.

அப்பாவுக்கும் பல் வலித்தது. அவருக்கு மதுரைக்குக் கூட்டிப்போய் வேர் சிகிச்சை, கேப், எல்லாம் நடந்தது. அம்மாவுக்கு வலித்தபோது, “பிடுங்கிறலாம், அம்பது ரூபாயில முடிஞ்சிரும்” என்று உள்ளூரிலேயே முடித்தார்கள். சொன்னது அப்பா அல்ல, அம்மாவே. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. எங்கள் வீட்டில் முறுக்கு சுட்டால் அம்மா அதைத் தேநீரில் ஊறவைத்துத் தின்பார். வேர்க்கடலையைத் தொடமாட்டார். கறிக்குழம்பு வைத்தால் எல்லோருக்கும் துண்டுகளைப் போட்டுவிட்டு, “எனக்குக் கொழம்பு போதும், அதுதான் ருசி” என்பார். ருசி என்று சொல்லித்தான் நானும் முப்பது வயதுவரை நம்பினேன். மெல்ல முடியவில்லை என்பது எனக்குப் பல் வலி வந்தபோதுதான் புரிந்தது.

பொறுத்துப்போகச் சொல்லும் நம் மொழியும் பல்லைத்தான் பிடித்துக்கொள்கிறது. ‘பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு’ என்பது புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குச் சொல்லும் மந்திரம். பல பெண்கள் அதைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்கிறார்கள், அதுவும் தூக்கத்தில். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதற்கும் மன அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. தாடை மூட்டு வலி ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. காலையில் எழுந்ததும் தாடை கனக்கிறது, கன்னப்பொட்டு வலிக்கிறது என்றால் தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். இப்படிக் கடிப்பவர்களின் வாயில் விலை உயர்ந்த செராமிக்கும் சில்லுப் பெயர்ந்து விழும். முதலில் இரவு நேரக் காப்புத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பல்லைக் கடிக்க வைக்கும் ஆளுக்கு என்ன தட்டு மாட்டுவது என்பது பல் மருத்துவருக்கு வெளியே உள்ள கேள்வி.

அந்தக் கேள்விக்கும் போக வேண்டியிருக்கிறது. முன்பல் உடைந்து வரும் பெண்கள் ‘குளியலறையில் வழுக்கி விழுந்துட்டேன்’ என்பார்கள். குளியலறைகள் இத்தனை பெண்களை முகத்தில் அடிக்குமா? குடும்ப வன்முறையில் அடி அதிகம் விழும் இடங்களில் ஒன்று முகம். என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு மேல் முன்பல் பாதி உடைந்தது. பதினோரு நாளில் அழகான செராமிக் கேப். அவள் கணவரே பணம் கட்டினார், ‘பெஸ்ட் குவாலிட்டியா போடுங்க டாக்டர்’ என்று சொல்லி. பொருத்திய பிறகு எதுவுமே நடக்காதது போல இருந்தது. இயற்கைப் பல்போலவே தெரியும் செராமிக்கின் சிறப்பு அதுதான் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். இங்கே அது சாட்சியத்தை மூடியது.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 320ஆம் பிரிவில் எவையெல்லாம் ‘கொடுங்காயம்’ என்று பட்டியல் போட்டது. பார்வை போவது, கேட்கும் திறன் போவது என்று போகும் அந்த வரிசையில் ஏழாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம் பெயர்வது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டுவரை சிறை. ஒரு பல் போதும். அதேபோல, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 20ஆம் பிரிவின் கீழ் மருத்துவச் செலவை எதிராளியிடமிருந்து பெற்றுத்தர வழி செய்கிறது. கேப்பின் செலவும் மருத்துவச் செலவுதான். ஆகவே அளவெடுக்கும் முன்பு உடைந்த பல்லைப் புகைப்படம் எடுங்கள், எக்ஸ்ரே நகலைக் கேட்டு வாங்குங்கள், எப்படி உடைந்தது என்பதை மருத்துவர் சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். இன்று புகார் கொடுக்க மனம் வராமல் போகலாம். மூன்று வருடம் கழித்து வரலாம். அன்றைக்கு அந்தத் தாள் இருக்க வேண்டும்.

இப்போது சில தோழிகளோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. “செராமிக் எல்லாம் முதலாளித்துவ அழகு மோகம், பல் மெல்லத்தானே” என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சொன்னவரின் பற்கள் சிறுவயதில் கிளிப் போட்டு நேராக்கப்பட்டவை. முன்பல் இல்லாமல் நேர்காணலுக்குப் போன அனுபவம் அவருக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய் அவர் இதைச் சொல்லட்டும். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, எனாமல் உருவாகும் பருவத்திலேயே பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும். தேய்த்தால் போகாது, சுத்தமின்மையால் வருவதும் அல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பெண்கள் இன்றும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். அண்ணனுக்கும் அதே தண்ணீர், அதே கறை. பெண் பார்க்க வந்தவர்கள் தங்கையின் பல்லைத்தான் பார்த்தார்கள். கறையை மறைக்க அந்தப் பெண் விரும்பினால் அவளுக்குப் பெண்ணியப் பாடம் எடுக்க நமக்கு என்ன தகுதி? அவளுக்குத் தேவை சரியான தகவல். லேசான கறைக்கு மேற்பரப்பை நுண்ணளவில் தேய்த்து நீக்கும் முறை உண்டு. பல் நிறப் பசையை ஒட்டும் முறை உண்டு. கறை ஆழமாக இருந்தால் வெனீர் உண்டு. பல்லை முளையாகச் செதுக்கும் முழு உறை கடைசி வழி. ஆனால் விளம்பரப் பலகையில் அதுதான் முதலில் இருக்கிறது.

சரி, கேப் உண்மையிலேயே தேவைப்படும் பல்லுக்கு எதைப் போடுவது? இதை யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்வதில்லை, சார்களுக்கும் சொல்வதில்லை.

முழு உலோகக் கேப் மலிவு, உறுதி, பல்லையும் குறைவாகவே செதுக்க வேண்டும். பின்பல்லுக்கு அதைப் போட்டால் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம். இங்கே பரவலாகப் பயன்படும் மலிவான உலோகக் கலவைகளில் நிக்கல் இருக்கும். கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிறதா, வாட்ச் பட்டையின் கொக்கி பட்ட இடத்தில் தடிப்பு வருகிறதா? அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம், காரணம் நமக்குக் குழந்தையிலேயே குத்திவிடும் காதும் மூக்கும். காது குத்திய ஓட்டை வழியாக உள்ளே போன ஒவ்வாமை, நாற்பது வயதில் பல்லுக்கு எந்த உலோகம் என்பதைத் தீர்மானிக்கிறது. இதை ஒரு மருத்துவரும் என்னிடம் கேட்கவில்லை. நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றியது அடுத்த வகை. பல காலம் இதுதான் ‘செராமிக் பல்’ என்ற பெயரில் விற்றது. உள்ளே உலோகம் இருப்பதால் ஒளி ஊடுருவாது, பல் சற்றுச் செத்தாற்போல் தெரியும். நாளடைவில் ஈறு இறங்கினால் ஓரத்தில் கருங்கோடு தெரியும். மேலிருக்கும் பீங்கான் சில்லாகப் பெயர்வதும் உண்டு. ‘செராமிக்’ என்று மட்டும் சொன்னால் எந்தச் செராமிக், உள்ளே உலோகம் உண்டா என்று கேளுங்கள்.

சிர்கோனியா முழுக்க உலோகமில்லாதது. இடுப்பு மூட்டு மாற்றுவதற்குக்கூடப் பயன்பட்ட பொருள். அதன் வளைவு வலிமை 900 முதல் 1,200 மெகாபாஸ்கல்வரை இருக்கும். லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக்குக்கு அது ஏறக்குறைய 400. ஆனால் கண்ணாடிச் செராமிக்கில் ஒளி உண்மையான பல்லில் போலவே உள்ளே போய்த் திரும்புகிறது. ஆகவே கடைவாய்க்கு முழுச் சிர்கோனியா, முன்பல்லுக்குக் கண்ணாடிச் செராமிக் என்பது பொதுவான கணக்கு. ‘ஒளி ஊடுருவும் சிர்கோனியா’ என்று கூடுதல் விலைக்கு ஒன்று சொல்வார்கள். பொய்யில்லை, ஆனால் ஒளி கூடக் கூட வலிமை குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருத்திய பிறகு உயரம் சரிபார்த்துத் தேய்த்தால், அந்த இடத்தை மீண்டும் வழவழப்பாக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பான சிர்கோனியா எதிரே இருக்கும் பல்லைத் தின்றுவிடும்.

நிறம். மருத்துவர் ஒரு சட்டத்தில் வரிசையாகச் செருகிய மாதிரிப் பற்களை எடுத்துக் காட்டுவார். ஏ முதல் டி வரை நான்கு குடும்பம், மொத்தம் பதினாறு நிறம். இதற்கு மேல் ‘பிளீச்’ என்று வெளுப்பான வேறு சில நிறங்களும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. இயற்கைப் பல் காகித வெள்ளை அல்ல. எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் மஞ்சள். கோரைப்பல் அதன் பக்கத்துப் பல்லைவிட எப்போதும் சற்று அடர்த்தியாகவே இருக்கும். வயது ஏற ஏற எல்லாப் பல்லும் நிறம் கூடும். சிவப்பழகு கிரீம் 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. அந்தச் சொல் பல் மருத்துவமனையில் குடியேறிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். ‘ரெண்டு ஷேடு வெள்ளையா போட்டுறலாம் மேடம், முகத்துக்கே ஒரு களை வரும்’ என்பதில் ஒலிப்பது அதே குரல்தான். கழுவிய கழிப்பறைத் தொட்டி நிறத்தில் பத்துப் பற்கள் வரிசையாக நின்றால் அதற்குப் பெயர் அழகு என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். நிறத்தை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், லிப்ஸ்டிக் இல்லாமல், பல்லைச் செதுக்குவதற்கு முன்பு பாருங்கள். செதுக்கும்போது வாயைத் திறந்தே வைத்திருப்பதால் பல் காய்ந்து வெளுத்துப் போய்விடும், அப்போது எடுத்த நிறம் தப்பாகும்.

பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தால் அல்லாத பல் சிகிச்சையை ஏற்பதில்லை. வாய் உடம்பில் சேராத உறுப்பு போலும். இதன் சுமை யார் தலையில் விழும் என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. குடும்பச் செலவில் எதைத் தள்ளிப்போடலாம் என்ற பட்டியலில் அம்மாவின் பல் எப்போதும் முதலிடத்தில் இருக்கிறது. இதற்கு அரசிடம் கேட்க வேண்டியது இருக்கிறது: பிடுங்கும் சேவை எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதோ, அவ்வளவு எளிதாகக் காப்பாற்றும் சேவையும் தாலுகா மருத்துவமனையில் கிடைக்க வேண்டும். வேர் சிகிச்சையும் உறையும் ஆடம்பரமல்ல. வீட்டிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது. அந்த அரைப் பவுனைக் கல்யாணத்துக்கு முன்பு நல்ல பல்லைச் செதுக்கச் செலவு செய்யாமல், மகளின் பெயரில் போட்டு வையுங்கள். அவள் கடைவாய்க்கு ஒருநாள் தேவைப்படும்.

அந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் நான் பேசினேனா என்று கேட்பீர்கள். பேசினேன், அத்தை கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து. “நல்ல பல்லும்மா இது, செதுக்கினா திரும்ப வராது. கிளிப் போட்டுக்கிட்டே கல்யாணம் பண்ணிக்கலாமே” என்றேன். அவள் என்னைப் பார்த்து, “அக்கா, எனக்கும் தெரியும். யூடியூப்ல பார்த்தேன். அவங்ககிட்ட யாரு சொல்றது?” என்றாள். அத்தை வந்துவிட்டார். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவள் பிறகு என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

நான் சாரைக் கேட்கவில்லை. அடுத்த நாள் போய், கடைவாய்க்கு முழுச் சிர்கோனியா என்று சொல்லி, பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டினேன். நிக்கல் எனக்கு ஒத்துக்கொள்ளாது, கவரிங் கம்மல் போட்டு இரண்டு காதும் சீழ் பிடித்தவள் நான். மருத்துவர் “யாருக்கும் தெரியாத பல்லுக்கு இவ்ளோவா?” என்றார். “எனக்குத் தெரியும் டாக்டர்” என்றேன்.

சித்திரையில் அம்மாவை அழைத்து வந்தேன். மிச்சமிருந்த கடைவாய்ப் பற்களில் ஒன்றைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். நிறச் சட்டத்தைக் கையில் கொடுத்தபோது, இளையவர்கள் எடுக்கும் பக்கத்தில் மருத்துவர் விரலை வைத்தார். அம்மா அதைத் தள்ளிவிட்டு, கண்ணாடியைப் பிடித்துத் தன் பல்லோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, மஞ்சளும் பழுப்புமாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இதான் எம்பல்லு.” பொருத்தி முடித்துக் கீழே இறங்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை மணி நேரம் கழித்து வேர்க்கடலை தின்னலாம் என்று.